மின்னஞ்சலும் ஓர் ஆவணமே

காலைவேளையில் மருதானை ரயில் நிலையத்தில் இறங்கி அலுவலகங்களை நோக்கி விரைவோரில் தமிழ் பேசும் இளைஞர், யுவதிகளும் பலர் உள்ளனர். தனியார் நிறுவனங்களிலும் அரச திணைக்களங்களிலும் பணியாற்றும் இவர்களின் அன்றாடக் கருமங்களில் பெரும்பகுதி இன்று மின்னஞ்சல் மூலமே நடைபெறுகின்றது. ஆயினும் அதனை எழுதும் முறையை ஒழுங்காகக் கற்றவர்கள் சிலரே.

மின்னஞ்சலை வாய்ப்பேச்சின் மறுவடிவமாகக் கருதுவதே நம்மில் பலர் விடும் தவறாகும். இலத்திரனியல் வடிவில் உள்ளது என்ற காரணத்துக்காக மட்டும் ஓர் ஆவணத்தின் சட்ட அங்கீகாரத்தை மறுக்கலாகாது என 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கூறுகின்றது. சம்பளம், லீவு, பதவியுயர்வு தொடர்பில் பிணக்கு எழும்போது ஊழியரின் கையிலுள்ள சான்று பெரும்பாலும் ஒரு மின்னஞ்சலாகவே இருக்கும். எனவே, மேலதிகாரி தொலைபேசியில் வழங்கிய பணிப்புரையை, “இன்று தாங்கள் கூறியவாறு” எனத் தொடங்கி அன்றைய தினமே இரண்டு வரிகளில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்வது நன்று.

ஆவணமெனில், விடயமறியாத ஒருவர் ஆறு மாதங்களின் பின்னர் வாசித்தாலும் அது விளங்கவேண்டும். “அவசரம்” என்று மாத்திரம் தலைப்பிடுவதால் பயனில்லை. “மார்ச் மாத மேலதிக நேரக் கொடுப்பனவு விடுபட்டமை” என எழுதினால், திறவாமலே விடயம் புலப்படும். முதல் வாக்கியத்தில் கோரிக்கையும், அடுத்து திகதி, தொகை, தொடர்புடைய இலக்கம் ஆகியனவும், இறுதியில் எத்தினத்துக்குள் பதில் தேவை என்பதும் இடம்பெறல் வேண்டும். ஒரு மடலில் ஒரு விடயமே போதும். கோபத்தில் எழுதியதை உடனே அனுப்பாது, மறுநாள் வாசித்துப் பார்த்து அனுப்புவதே விவேகம். தொடர்பற்ற பலருக்கும் பிரதி அனுப்புவது பகையையே வளர்க்கும்.

ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி, கேட்க வேண்டியதைக் கேளாது விடுவோரும் நம்மிடையே உளர். தனியார் நிறுவனமாயின் எளிய, குறுகிய ஆங்கில வாக்கியங்களே போதுமானவை. அரச அலுவலகங்களுக்கு எழுதும் பொதுமக்களுக்கோ அத்தயக்கம் அறவே தேவையில்லை. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்துக்கு அமைந்த அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி, சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் ஒருவர் தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் உரித்துடையவர். 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டமும் இலத்திரனியல் முறையில் எழுதுவதை எழுத்துமூலக் கோரிக்கையாகவே ஏற்கின்றது.

ஆனால் தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சுச் செய்தவை, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே தோன்றும். அவ்வாறு வரும் மடலை வாசிக்க இயலாது ஒதுக்கிவிடும் உத்தியோகத்தரை மட்டும் குறைகூற முடியாது. யுனிகோட் முறையில் எழுதினால் இச்சிக்கல் எழாது.

உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அதனைத் தெளிவாக எழுதிக் கேட்கவும் நாம் பழகவேண்டும். கேட்டவர்களுக்கு அவர்களது மொழியிலேயே பதிலளிக்கும் கடப்பாட்டை உரிய அதிகாரிகளும் கவனத்திற் கொள்வார்களா?