ஒரே பையில் எல்லாக் குளிசைகளும்

மன்னார்க் கரையில் உச்சி வெயிலிலே கரைவலை இழுப்பவரின் உடலிலிருந்து நீரும் உப்பும் வியர்வையாய் வடிகின்றன. அவர் மனநோய்க்கு இரண்டு மருந்துகள் உண்பவராயின், இஃது அற்ப விஷயமன்று. ஒன்று லித்தியம், 1949-இல் அவுஸ்திரேலிய வைத்தியர் ஜோன் கேட் பயன் கண்டு வெளியிட்ட உப்பு. உடல் வறண்டால் சிறுநீரகம் அதனைத் தேக்கிவிடும். இடுப்பு வலிக்கென ஐபுபுரோபன் விழுங்கினால் இன்னும் மிகும். மற்றொன்றான குளோர்புரோமசினோ உடலின் வெப்பந் தணிக்கும் ஆற்றலைக் குறைக்கலாம். கை மிக நடுங்கி, வாந்தியெடுத்து, நடை தள்ளாடினால் உடனே ஆஸ்பத்திரிக்கு விரைதல் வேண்டும்.

இரு மருந்துகளைச் சேர்த்துத் தருவது தவறன்று, சிலருக்கு அவசியமே. ஒன்றைத் தருபவர் மற்றொன்றை அறியாதிருப்பதே ஆபத்து. ஆதலால், வைத்தியரிடம் செல்கையில், கடையில் வாங்கியது உட்பட எல்லாக் குளிசைகளையும் ஒரே பையிற் கொண்டு செல்லுங்கள். அவர் சொல்லாமல் எதையும் சேர்க்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.