அரண்டவன் கண்ணும் சந்திரமுகியும்

(பத்தாம் வகுப்பு மாணவி, கொமரலிங்கம்)

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பார்கள் பெரியோர். ஆனால் இருண்ட இடத்தைத் தேடிப்போய், காசும் கொடுத்து அரளுகிறவர்கள் உலகில் உண்டு என்பதை எனக்குக் காட்டியவர் என் பெரியப்பா மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் அந்த அண்ணன், காலாண்டு விடுமுறையில் ஊருக்கு வந்தபோது தம் மடிக்கணினியையும் கொண்டுவந்திருந்தார். இரவு நான் சமூக அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து "தொம்... தொம்..." என்று யாரோ கனத்த பூட்ஸ் காலுடன் நடந்துவரும் ஓசை. எழுந்துபோய்ப் பார்க்கவும் துணிவில்லை. பாடமும் மனத்தில் ஏறவில்லை.

காலையில்தான் தெரிந்தது, அது "ரெசிடென்ட் ஈவில் 2" என்னும் வீடியோ விளையாட்டின் ஓசை என்று. பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு மட்டும் உரியது என்று அதன்மேல் போட்டிருப்பதால் நான் திரையைப் பார்க்கவில்லை. ஆனால் அண்ணனிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட செய்திகள் என்னை வேறொரு சிந்தனைக்கு இட்டுச் சென்றன. அதையே தோழியருடன் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

புதுப்பித்த விளையாட்டு

ஜப்பான் நாட்டின் கேப்காம் நிறுவனம் 1998-இல் இந்த விளையாட்டை முதலில் வெளியிட்டது. பாழடைந்த நகரத்துக் காவல் நிலையம் ஒன்றில் சிக்கிய இருவர், நடமாடும் பிணங்களுக்குத் தப்பி உயிரோடு வெளியேற வேண்டும். கையில் இருக்கும் குண்டுகளோ கொஞ்சம். இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 2019 ஜனவரியில், அதே கதையை அடித்தளத்திலிருந்து மீண்டும் கட்டி வெளியிட்டார்கள்.

பழைய விளையாட்டில் ஒவ்வொரு கதவைத் திறக்கும்போதும் கதவு மட்டும் திரையில் மெல்லத் திறக்கும். அடுத்த அறையின் படத்தை வட்டிலிருந்து படிக்க இயந்திரத்துக்கு நேரம் வேண்டியிருந்ததால் செய்த ஏற்பாடு அது. ஆனால் ஆடுகிறவர்களுக்கோ "உள்ளே என்ன இருக்குமோ" என்று நெஞ்சு படபடக்கும். குறையே நிறைவாகிவிட்டது! இன்றைய இயந்திரங்களுக்கு அந்தத் தாமதம் தேவையில்லை. எனவே புதிய விளையாட்டில் அந்தக் கதவுக் காட்சி போய்விட்டது. அதற்கு ஈடாக வந்தது, நான் கேட்ட காலடி ஓசை. மிஸ்டர் எக்ஸ் என்னும் நெடிய உருவம் நிலையம் முழுவதும் துரத்திக்கொண்டே வரும். எந்தத் தளத்தில் நடக்கிறது என்பதை ஓசையைக் கொண்டே அறிய வேண்டும்.

விமரிசகர்கள் இதை வெகுவாகப் பாராட்டினார்கள். 2019-ஆம் ஆண்டுக்கான கோல்டன் ஜாய்ஸ்டிக் விருதுகளில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற பரிசும் கிடைத்தது. குறை சொன்னவர்களும் உண்டு. முதற்பதிப்பில் இருவரின் கதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது; புதியதில் இரண்டும் ஒரே மாதிரி ஆகிவிட்டன என்றார்கள். அடுத்த ஆண்டே மூன்றாம் பாகத்தைப் புதுப்பித்தபோது, பழைய இடங்கள் சிலவற்றை வெட்டிவிட்டார்கள், மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்ற புகார் எழுந்தது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், புதுப்பித்த படைப்பை மதிப்பிடுவோர் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள் எனத் தோன்றுகிறது. பழையதில் எதை வைத்துக்கொண்டார்கள்? எதை, ஏன் மாற்றினார்கள்? பயம் குறையாமல் இருக்கிறதா?

நம் வீட்டுப் பேய்

அண்ணன் இதைச் சொல்லி முடித்ததும் அம்மிச்சி, "இதென்ன பெரிய அதிசயமா? நம்ம சந்திரமுகி மாதிரிதானே!" என்றார். யோசித்துப் பார்த்தேன். அம்மிச்சி சொன்னது முற்றிலும் உண்மை.

1993 டிசம்பரில் "மணிச்சித்திரத்தாழ்" என்னும் மலையாளப் படம் வெளிவந்தது. கதை மது முட்டம், இயக்கம் பாசில். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருப்பூணித்துறை அரண்மனையிலும் படமாக்கினார்கள். பழைய மாளிகைக்குக் குடிவரும் கங்கா என்ற பெண், பூட்டிய அறையைத் திறக்கிறாள். அங்கே கொல்லப்பட்ட நாட்டியப் பெண்ணாகவே தன்னை எண்ணத் தொடங்குகிறாள். வந்திருப்பது பேய் அன்று, மன நோய் என்று மனநல மருத்துவர் ஒருவர் கண்டுபிடிக்கிறார். கங்காவாக நடித்த ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

இக்கதை கன்னடத்தில் "ஆப்தமித்ரா"வாக 2004-இல் வந்தது. அதில் நடித்த சௌந்தர்யா, படம் வெளிவரும் முன்பே விமான விபத்தில் காலமானார். அதே இயக்குநர் பி. வாசு 2005 ஏப்ரல் 14 அன்று தமிழில் "சந்திரமுகி"யைத் தந்தார். வங்காளத்திலும் அதே ஆண்டு ஒரு படம் வந்தது. 2007-இல் பிரியதர்ஷன் இந்தியில் "பூல் புலையா" எடுத்தார். மலையாளப் படத்தில் பாசிலுக்குத் துணையாகச் சில காட்சிகளை இயக்கியவர்களுள் அவரும் ஒருவர்.

பேய் எந்த மொழி பேசும்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மலையாளப் படத்தில் அந்த நாட்டியப் பெண் தஞ்சாவூரிலிருந்து வந்த தமிழச்சி. நோய் முற்றும்போது கங்கா தமிழ் பேசுகிறாள். தமிழில் எடுத்தபோது தமிழ் பேசினால் யார் வியப்பார்கள்? எனவே சந்திரமுகி தெலுங்குப் பெண்ணானாள். கன்னடப் படத்திலும் தெலுங்குதான். இந்தியில் அவள் வங்காளப் பெண்ணாகிவிட்டாள்.

இது வெறும் வேடிக்கை அன்று. தெரிந்த முகத்திலிருந்து தெரியாத மொழி வரும்போதுதான் பார்ப்பவர் திடுக்கிடுவர். அந்தத் திடுக்கீட்டைக் காப்பாற்ற மொழியை மாற்றித்தான் ஆக வேண்டும். சொற்கள் மாறின, நோக்கம் மாறவில்லை. கதவுக் காட்சியை எடுத்துவிட்டுக் காலடி ஓசையை வைத்ததும் இதுபோன்றதுதானே?

மற்ற மாற்றங்களை எல்லாரும் ஏற்கவில்லை. தமிழில் ரஜினிகாந்த் மருத்துவராக நடித்ததால் சண்டைக் காட்சிகளும் பாடல்களும் கூடின. அறையைக் காக்கும் பெரிய பாம்பும் சேர்ந்தது. மூலத்தைப் பார்த்தவர்கள், கங்காவின் மனத்தைச் சொல்ல வேண்டிய நேரம் கதாநாயகருக்குப் போய்விட்டது என்றார்கள். மனநோய்க் கதையில் பாம்புக்கு என்ன வேலை என்றும் கேட்டார்கள். மக்களோ கொண்டாடினார்கள். சென்னை சாந்தி தியேட்டரில் எண்ணூறு நாள்களுக்கு மேல் ஓடியது. குறை சொன்னவர்களும்கூட ஜோதிகா விழிகளை உருட்டி நடித்த இறுதிக் காட்சியை மெச்சினார்கள்.

நான்காவது கேள்வி

தோழியரே, இதுவரை கண்ட மூன்று கேள்விகளோடு நான்காவது ஒன்றும் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பயம் தீர்ந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு பார்த்தவர் மனத்தில் என்ன மிஞ்சுகிறது?

இதை நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் சித்திக்குக் குழந்தை பிறந்தது. பத்து நாள்களுக்குள் அவருக்குத் தூக்கம் போயிற்று. தமக்குத்தாமே பேசினார். குழந்தையை யாரோ எடுத்துப்போக வருகிறார்கள் என்று அழுதார். பார்க்க வந்தவர்கள், "பேய் பிடித்திருக்கிறது" என்று மந்திரிக்கச் சொன்னார்கள். தெருப் பிள்ளைகள் சன்னலில் எட்டிப் பார்த்து, "சந்திரமுகி! சந்திரமுகி!" என்று கத்திவிட்டு ஓடினார்கள். சித்தி சன்னலைச் சாத்திக்கொண்டார்.

அம்மிச்சிதான் உறுதியாக நின்றார். "பேயாவது பிசாசாவது! அந்தப் படத்துலயே டாக்டருதானுங்க சொகமாக்குனாரு. மொதல்ல டாக்டருகிட்டக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பிரசவத்துக்குப் பின் சிலருக்கு வரும் மனநோய் இது, மருந்தால் குணமாகும் என்று மருத்துவர் விளக்கினார். சில மாதங்கள் ஆயின. இன்று சித்தி தம் மகனைத் தாமே பள்ளிக்கு அழைத்துப் போகிறார். இதை எழுத அவரே எனக்கு அனுமதி தந்தார்.

ஒரே படத்தைத்தான் தெருப் பிள்ளைகளும் அம்மிச்சியும் பார்த்தார்கள். பிள்ளைகள் மனத்தில் உருட்டிய விழிகள் நின்றன. அம்மிச்சி மனத்தில் மருத்துவர் நின்றார். நானும் ஏழாம் வகுப்பில் கோபக்காரத் தோழி ஒருத்தியை "சந்திரமுகி" என்று அழைத்தவள்தான். அவள் அன்று சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

படத்திலும் ஒரு குறை உண்டு. ஒரே இரவில், ஒரு பொம்மையைப் பழிவாங்க வைத்து, நோய் தீர்ந்துவிடுகிறது. உண்மையில் மருந்தும் பேச்சும் பொறுமையும் பல மாதங்கள் வேண்டும். பின்னால் வந்த படங்களின் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. 2022-இல் வந்த "பூல் புலையா 2", 2023-இல் வந்த "சந்திரமுகி 2" ஆகியவற்றில் பேய் உண்மையாகவே வந்துவிடுகிறது. "பேய் அன்று, நோய்" என்று முதற்கதை பாடுபட்டுச் சொன்னதை இவை அழித்துவிட்டன. "சந்திரமுகி 2"-ஐ விமரிசகர்களும் பெரும்பாலும் ஏற்கவில்லை.

இது கதையோடு போகிற செய்தி அன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகையில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் தப்ப வழியின்றி 28 பேர் இறந்தனர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி மனநல ஆலோசனை கேட்கலாம்.

முடிவுரை

பழைய கதையைப் புதுப்பிப்பது தவறன்று. அமராவதி வாய்க்காலை ஆண்டுதோறும் தூர்வாரினால்தான் நம் ஊர் நெல் வயலுக்குத் தண்ணீர் வரும். ஆனால் தூர்வாருகிறேன் என்று கரையை வெட்டிவிடக் கூடாது. கதையில் எது கரை, எது சேறு என்று அறிந்து செய்வதே நல்ல மறு ஆக்கம். அதைக் கண்டு சொல்வதே நல்ல விமரிசனம்.

அண்ணன் ஊருக்குப் போகும்போது, "பரீட்சை முடியட்டும், காலடி ஓசை இல்லாத விளையாட்டாகக் கொண்டுவருகிறேன்" என்று சிரித்தார். எனக்கு அந்த ஓசை இப்போது பயமாக இல்லை. சன்னலுக்கு வெளியே கத்திவிட்டு ஓடிய அந்தக் காலடிகளை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது. அப்படி ஓடும் கால்களாக நம் கால்கள் ஒருநாளும் ஆகாதிருக்கட்டும், தோழியரே!