துப்பாக்கி இல்லாமல் ஒரு படை!

சொல்லாமல் கொள்ளாமல் பத்து விருந்தாளிகள் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? டப்பாவில் அரிசி, பருப்பு இருந்தால் சமாளித்துவிடலாம். டப்பாவே காலி என்றால்? 1998-ல் ஐரோப்பிய நாடுகள் இப்படித்தான் திண்டாடின!

கொசோவோவில் அப்போது சண்டை. அக்டோபரில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க, ஆயுதம் ஏந்தாத 2,000 பேரை அனுப்புவது என்று முடிவாயிற்று. ராணுவம் என்றால் ஓர் உத்தரவு போதும், கிளம்பிவிடும். போலீஸ் அதிகாரி, நீதிபதி, கணக்கர், நர்ஸ் என்று ஆளாளுக்கு எங்கே போய்த் தேடுவது? 1999 மார்ச்சில் சண்டை முற்றி அந்தக் குழு வெளியேறியபோதுகூட 2,000 பேர் சேர்ந்தபாடில்லை.

பட்ட பிறகு புத்தி வந்தது. 2002-ல் ஜெர்மனி இதற்கென்றே பெர்லினில் ஒரு மையம் தொடங்கியது. அதே ஆண்டு ஸ்வீடனும் ஒன்று தொடங்கியது. 1948-ல் ஜெருசலேமில் சமாதானம் பேசப் போன இடத்தில் கொல்லப்பட்ட ஃபோல்கே பெர்னடாட்டின் பெயரை அதற்கு வைத்தார்கள். பின்லாந்து 2007-ல் குவோப்பியோ நகரில் தொடங்கியது.

"சண்டை நடந்த இடத்தில் கணக்கருக்கு என்னங்க வேலை?" என்று கேட்பீர்கள். குண்டுச் சத்தம் நின்றால் மட்டும் ஊர் பிழைத்துவிடுமா? போலீஸ் ஸ்டேஷனை யாரும் நம்பமாட்டார்கள். கோர்ட் பூட்டிக் கிடக்கும். உள்ளூர் அதிகாரிகளின் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுமையாகச் சரிசெய்யும் வேலை இது.

ஆள் எடுப்பது எப்படி?

முதலில், சொந்தத் தொழிலில் சில வருட அனுபவம் வேண்டும். ஆங்கிலம் தெரிய வேண்டும். தேர்வானவர்களின் பெயர்களை ஒரு பட்டியலில் தயாராக வைத்திருப்பார்கள். எங்காவது தேவை என்றால், பொருத்தமானவரின் பெயரை அவர் நாடு அனுப்பும். அங்கே இன்னொரு நேர்முகத் தேர்வு! பெரும்பாலும் சம்பளம் தருவது சொந்த நாடுதான்.

அடுத்தது பயிற்சி. ஜெர்மனியில் ஹாமல்பர்க் ராணுவப் பயிற்சி நிலையத்தில் சில நாட்கள் நடக்கும். ரத்தப்போக்கை நிறுத்துவது, கண்ணிவெடி இருக்கும் இடத்தை அடையாளம் காண்பது, சோதனைச் சாவடியில் கையை எங்கே வைத்துக்கொள்வது... கடத்தல்காரர்களிடம் சிக்கிக்கொள்வது போலக்கூட ஒத்திகை உண்டு. ஒத்திகை என்று தெரிந்தும் நெஞ்சு அடித்துக்கொள்ளுமாம்!

குழந்தையை யார் பார்ப்பது?

2008 ஆகஸ்டில் ஜார்ஜியாவில் போர் மூண்டது. அக்டோபர் முதல் தேதியிலிருந்து ஐரோப்பிய யூனியனின் ஆயுதமற்ற கண்காணிப்பாளர்கள் அங்கே ரோந்து போகிறார்கள். தெற்கு ஒசேடியா, அப்காஸியா எல்லைக்கோட்டின் ஓரத்துக் கிராமங்களில் மாடு மேய்க்கப் போனவரையோ விறகு பொறுக்கப் போனவரையோ பிடித்து வைத்துவிடுவது உண்டு. அப்போது இரு தரப்பும் பேசிக்கொள்ள ஒரு நேரடித் தொலைபேசி இருக்கிறது. அப்படிப் பிடிபட்டவரின் மனைவி தன் பயத்தை யாரிடம் சொல்வாள்? வேற்று ஆணிடம் சொல்லாததை ஒரு பெண்ணிடம் கொட்டிவிடுவாள், இல்லையா?

அதனால்தான் இந்தப் பணிகளுக்குப் பெண்கள் கட்டாயம் வேண்டும். 2023-ல் ஐரோப்பிய யூனியன் நாடுகள், வெளிநாட்டிலிருந்து போகும் ஊழியர்களில் குறைந்தது 40 சதவீதம் பெண்களாக இருக்க வேண்டும் என்று குறிக்கோள் வைத்தன. ஆனால் ஆபத்தான ஊர்களுக்குக் கணவன், பிள்ளைகளை அழைத்துப் போக முடியாது. ஒரு வருடம் அம்மா இல்லாமல் வீடு எப்படி ஓடும்?

வேலைப் பாதுகாப்பும் ஒரு கவலைதான். 2017-ல் ஜெர்மனி சட்டத்தைத் திருத்தியது. அதன் பிறகு பெர்லின் மையமே முறையான வேலை ஒப்பந்தம் தருகிறது. மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம் எல்லாம் உண்டு. நல்ல காரியம்தான். ஆனால் காப்பீடு ராத்திரி காய்ச்சலில் அழும் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளுமா?

ஓர் ஆண் கிளம்பினால், வீட்டைப் பார்த்துக்கொள்ள மனைவி இருக்கிறாள் என்று எல்லோரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். ஒரு பெண் கிளம்பும்போதுதான் அந்தக் கேள்வியே எழுகிறது. "நீ போய் வா, பிள்ளைகளை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல வீட்டில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைக் கணக்கில் சேர்க்காதவரை 40 சதவீதம் காகிதத்தில்தான் இருக்கும்!