வரைபடத்தில் இல்லாத ஊரின் தளபதி

2011 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ நகரில் ஒருவரின் இறுதிச் சடங்கு ஆறு நாட்கள் நடைபெற்றது. அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்தும் மோங் மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வந்து கண்ணீர் வடித்தனர். அவர் லாவோஸ் நாட்டின் முன்னாள் ராணுவ ஜெனரல் வாங் பாவ்.

1929-ல் வடகிழக்கு லாவோஸின் மலைப்பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே பிரெஞ்சுப் படையினருக்கு உதவத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, லாவோஸ் மன்னரின் படையில் மேஜர் ஜெனரல் ஆனார். மோங் இனத்தவர் எவரும் அதற்கு முன் அப்பதவியை எட்டியதில்லை.

ரகசியப் போர்

1961-ல் அமெரிக்க உளவு ஸ்தாபனமான சி.ஐ.ஏ. அவரை நாடி வந்தது. கம்யூனிஸ்டுகளை எதிர்க்கத் துப்பாக்கி வேண்டும் என்றார் அவர், துப்பாக்கிகள் வந்தன. லாவோஸ் நடுநிலை நாடு என்று 1962-ல் ஜெனிவாவில் உடன்பாடு கையெழுத்தாயிற்று. அதைக் கண்காணிக்கும் சர்வதேசக் குழுவுக்கு இந்தியாவே தலைமை வகித்தது. ஆயினும் வட வியட்நாம் படைகள் முழுதாக வெளியேறவில்லை. அமெரிக்காவும் மறைவாகப் போரைத் தொடர்ந்தது.

வாங் பாவின் தலைமையகமான லாங் தியெங், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு. வரைபடங்களில் அதற்கு இடமில்லை. விமானங்களோ ஓயாமல் வந்திறங்கின. சுட்டு வீழ்த்தப்பட்ட அமெரிக்க விமானிகளை மீட்பதும் மோங் வீரர்களின் வேலையாயிற்று. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் வயல்கள் தரிசாயின. அரிசி வானத்திலிருந்து விழுந்தது. ஆண்டுகள் செல்லச் செல்ல, மாண்டவர்களின் இடத்தில் சிறுவர்கள் துப்பாக்கி ஏந்தினர்.

கைவிடப்பட்டவர்கள்

1975 மே 14-ந் தேதி வாங் பாவ் விமானமேறித் தப்பினார். சில ஆயிரம் பேருக்கே விமானத்தில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் காடு கடந்து, மேகாங் நதியை நீந்தியும் மூங்கில் தெப்பத்திலும் தாய்லாந்தை அடைய முயன்றனர். வழியில் மடிந்தோர் பலர்.

அமெரிக்காவில் அகதிகளுக்கு அவரே தலைவர், பஞ்சாயத்துக்காரர் எல்லாம். ஆனால் தாயகத்தை மீட்கும் இயக்கத்துக்கென ஏழை அகதிகளிடம் பணம் திரட்டப்பட்டது குறித்துக் கண்டனமும் எழுந்தது. லாவோஸ் அரசைக் கவிழ்க்கச் சதி செய்ததாக 2007-ல் அமெரிக்க அரசே அவரைக் கைது செய்தது. 2009-ல் அவர் மீதான வழக்கு கைவிடப்பட்டது. 2011 ஜனவரி 6-ந் தேதி, 81-வது வயதில் காலமானார்.

அமெரிக்க வீரர்கள் துயிலும் ஆர்லிங்டன் மயானத்தில் அவரை அடக்கம் செய்ய அனுமதி மறுக்கப்பட்டது. மறு ஆண்டு பிரெஸ்னோவில் ஓர் ஆரம்பப் பள்ளி அவர் பெயரில் திறக்கப்பட்டது.

அவர் தம் மக்களைக் காத்தாரா, அல்லது வல்லரசின் யுத்தத்துக்குப் பலி கொடுத்தாரா? மோங் குடும்பங்களில் இரு பதில்களும் உண்டு. பிள்ளையைப் போரில் இழந்த தாய்க்கும், அமெரிக்காவில் படித்துப் பட்டம் பெற்ற பேரனுக்கும் ஒரே விடை இருக்க முடியாது.