களத்துமேட்டில் ஏழு சுற்றுக் கோட்டை

புதிர்வழியில் திசை தவறினால் முட்டுச்சந்துதான். தரையில் வரையும் ஏழு சுற்றுக் கோட்டையில் கிளைவழியே கிடையாது. ஒரே தடம் வளைந்து வளைந்து நடுவுக்குப் போகும்; அதே தடத்தில் திரும்பி வரலாம். பொள்ளாச்சி அருகே கெடிமேட்டில் இத்தகைய பழங்காலப் பாதை ஒன்று சதுர வடிவில் கண்டறியப்பட்டிருக்கிறது. கர்நாடகத்தின் ஹளேபீடு கோயில் சிற்பத்தில் சக்கர வியூகத்தையே இப்படித்தான் செதுக்கியிருக்கிறார்கள். தென்னிந்திய வாசல் கோலங்களில் இவ்வடிவம் இருப்பதைப் பற்றி மானிடவியலாளர் ஜான் லேயார்டு 1937இல் எழுதினார்.

1990களில் சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் தேவாலயம் இத்தகைய சுற்றுப்பாதையில் நடப்பதை மீண்டும் பரப்பியது; மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரை அலைக்கழிப்பது அடுத்து என்ன என்ற குழப்பம். இங்கே அடுத்த அடி முன்பே வரைந்து கிடக்கிறது. இந்த நடை அவர்களுக்கு உதவுமா என்பது பற்றிய ஆய்வுகள் இன்னும் சிறியவைதாம். இதை மருந்தென்று சொல்வது தவறு; சிறப்பாசிரியர் தரும் பயிற்சிக்கு இது மாற்றும் அல்ல.

நுட்பம் சுற்றுகளின் வரிசையில் இருக்கிறது. வெளிச்சுற்றை 1 என்று எண்ணினால், நுழைந்ததும் கால் மூன்றாம் சுற்றில் விழும். பிறகு 2, 1 என வெளியே ஒதுங்கி, 4க்கு வந்து, நடுவை ஒட்டிய 7க்குப் போய், 6, 5 என விலகி, அதன்பிறகே நடு. சுற்று மாறும்போதெல்லாம் இடப்பக்கம் போனவர் வலப்பக்கம் திரும்புகிறார். சமநிலை காக்கும் உட்காதுக்கு இது நல்ல வேலை.

இதை வரையும் முறையைப் புள்ளிக் கோலம் போடுகிறவர் ஒருமுறை பார்த்தாலே பிடித்துக்கொள்வார். நடுவே கூட்டல் குறி. அதன் நான்கு கட்டங்களிலும் மூலை உள்நோக்கிய ஒவ்வொரு ‘ட’. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புள்ளி. மொத்தம் 16 முனைகள். கூட்டலின் தலையைப் பக்கத்து முனையோடு வளைத்துச் சேர்த்து, அதையொட்டியே அடுத்தடுத்த முனைகளை இணைத்துப் போனால் 8 வளைவுகள், இடையே 7 தடங்கள்.

சக்கர நாற்காலி போகத் தடம் 4 அடி அகலமாவது வேண்டும். அப்போது மொத்த அகலம் ஏறக்குறைய 60 அடி. அதற்கு நெற்களம் ஏற்ற இடம். தஞ்சை வட்டாரத்தில் சம்பா அறுவடைக்குப் பின் வயலில் உளுந்து விதைத்திருப்பார்கள். நெல் காயவைத்து முடித்த களம் உளுந்து அறுப்புவரை சும்மாதான் கிடக்கும். வெயில் தாழ்ந்த பிறகு அங்கே நடக்கலாம். சுண்ணாம்புத் தூள் வேண்டாம், கண்ணில் பட்டால் எரியும், கோலமாவே போதும்.

நடக்க இயலாதவருக்கும் பார்வையற்றவருக்கும் விரல்நடை உண்டு. இத்தாலியின் லூக்கா தேவாலயத் தூணில் விரலால் தடவிச் செல்லும் சுற்றுப்பாதை இடைக்காலத்திலேயே செதுக்கப்பட்டது. தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்கிறவர்களுக்கு ஒரு பலகையில் இந்தத் தடத்தைக் குடைந்து தருவது எளிது. சிறப்புப் பள்ளிகள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

பிள்ளை பாதியில் நின்றால் நிற்கட்டும். கோடு தாண்டி வெளியே வந்தால் கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. விரும்பியபோது விலகிப் போக இடம் வேண்டும் என்பதால்தான் சுவர் எழுப்பாமல் மாவுக் கோடாகவே வரையச் சொல்கிறேன்.