எங்க பேத்தி பத்து மாசத்துல நடந்தாளே!

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பழம் வாங்கி வருவார்கள். கேள்வி கொண்டுவராதவர் ஒருவரும் இல்லை. “இன்னும் குப்புற விழலையா?” “ஏழு மாசமாச்சே, உட்காரலையா?” “எங்க பேத்தி பத்து மாசத்துல நடந்தாளே!” கேட்டவர் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அன்று இரவு விளக்கை அணைத்த பிறகும் கைபேசியில் தேடிக்கொண்டு விழித்திருப்பவள் அம்மாதான். இந்தக் கேள்விகளில் எதற்குக் காது கொடுக்க வேண்டும், எதைச் சிரித்துக் கடந்துவிடலாம் என்று பிரித்துப் பார்க்கக் கொஞ்சம் விவரம் தெரிந்தால் போதும்.

குழந்தையின் வளர்ச்சிப் படிகளுக்குக் குறிப்பிட்ட தேதி கிடையாது. இந்த மாதத்திலிருந்து அந்த மாதத்துக்குள் என்று ஓர் அளவுதான் உண்டு. அது நாம் நினைப்பதைவிட மிகவும் அகலமானது. இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் ஆரோக்கியமாக வளர்ந்த 816 குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டது. மிக முந்திக்கொண்ட ஒரு சதவீதத்தையும் மிகப் பிந்திய ஒரு சதவீதத்தையும் தள்ளிவிட்டுக் கணக்கிட்டார்கள். பிடிமானம் இல்லாமல் உட்கார்வது ஏறத்தாழ 4 மாதம் முதல் 9 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8 மாதம் முதல் பதினேழரை மாதத்துக்குள். ஒரே தெருவில் ஒரு பிள்ளை 9 மாதத்தில் நடக்கிறது, எதிர்வீட்டுப் பிள்ளை 16 மாதத்தில் நடக்கிறது என்றால் இரண்டுமே சரியாகத்தான் வளர்கின்றன. சீக்கிரம் நடந்த பிள்ளை பின்னாளில் ஓட்டப்பந்தய வீரனாகவோ வகுப்பில் முதல் மாணவியாகவோ வருவதற்கு அது முன்னறிவிப்பும் அல்ல.

அதே ஆய்வில் நூற்றுக்கு 4 குழந்தைகள் முட்டி போட்டுத் தவழவே இல்லை. சிலர் வயிற்றால் ஊர்வார்கள். சிலர் உட்கார்ந்தபடியே பின்பக்கத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்வார்கள். சிலர் நேராக நாற்காலியைப் பிடித்து எழுந்துவிடுவார்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் வளர்ச்சிப் பட்டியலைத் திருத்தியபோது தவழ்தலைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. ஆகவே தவழாமல் நடந்த பிள்ளையைத் திரும்ப உட்காரவைத்துத் தவழப் பழக்க வேண்டியதில்லை.

மாதம் மாறினாலும் வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை. தசைகளின் மீதான கட்டுப்பாடு தலையில் தொடங்கிக் கீழே இறங்குகிறது. முதலில் கழுத்து நிற்கும், பிறகு முதுகு, பிறகு இடுப்பு, கடைசியில் பாதம். அதேபோல் உடலின் நடுவிலிருந்து வெளியே போகிறது: தோள், முழங்கை, உள்ளங்கை, விரல் நுனி. கழுத்து நிற்காத குழந்தையைத் தலையணைகளுக்கு நடுவில் முட்டுக் கொடுத்து உட்காரவைத்துப் படம் எடுக்கலாம். உட்காரப் பழகியதாக ஆகாது.

நம் முன்னோர் இதையெல்லாம் கவனிக்காமல் இல்லை. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதத்துச் செங்கீரையில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. ஒன்பதாம் மாதத்துச் சப்பாணியில் உட்கார்ந்து இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுகிறது. ஓராண்டையொட்டி வரும் வருகைப் பருவத்தில் தளர்நடை நடந்து வருகிறது. இன்று குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் பட்டியலோடு இது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. கைதட்டுவது இன்றும் 9 மாதத்தை ஒட்டிப் பார்க்கப்படும் அடையாளம்தான். சில வீடுகளில் ஒவ்வொரு படிக்கும் பலகாரம்கூட உண்டு. குப்புற விழுந்தால் கொழுக்கட்டை, உட்கார்ந்தால் உக்காரை, தவழ்ந்தால் தவலை அடை. தின்பது பெரியவர்கள்தான் என்றாலும், இன்றைக்கு இது நடந்தது என்று வீடே நின்று கவனிக்க அது ஒரு சாக்கு.

இனி அம்மாவின் அன்றாடத்துக்கு வரலாம். வளர்ச்சிப் படிகள் தனியாகப் பயிற்சி கொடுத்து வருவதில்லை. குளிப்பாட்டும்போதும் துணி மடிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும்தான் வருகின்றன. கால் நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டுப் பாட்டி குளிப்பாட்டுகிறாரே, அந்தச் சில நிமிடங்களில் குழந்தை தலையைத் தூக்கப் பார்ப்பது கழுத்துக்கு நல்ல வேலை. (மூக்கைப் பிடித்து நீவுவதும், மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதும் மட்டும் வேண்டாம். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் ஆபத்து.) விழித்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் ஆள் இருக்கும்போது, பாயில் கொஞ்ச நேரம் குப்புறப் படுக்கவிடுங்கள். தூங்கும்போது மட்டும் மல்லாக்கப் படுக்கவைப்பதே பாதுகாப்பு.

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு கூழும் மசித்த பருப்புச்சோறும் தொடங்கும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு 2, 3 வேளை. 9 மாதத்துக்குப் பிறகு 3, 4 வேளை. இந்தக் காலத்தில்தான் கை பேசத் தொடங்குகிறது. 6 மாதத்தில் முழு உள்ளங்கையால் அள்ளும் குழந்தை, 9, 10 மாதத்தில் தரையில் சிந்திய ஒரு பருக்கையைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் எடுக்கிறது. எடுத்தது எறும்பாகவும் இருக்கும். அம்மாவுக்குப் பெருக்கும் வேலை கூடுகிறது. மருத்துவருக்கோ மூளையும் விரலும் நன்றாக இணைந்துவிட்டதற்கு அது சான்று. எனவே சாப்பிடும்போது கொஞ்சம் சிந்தவிடுங்கள். முழு வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்றவை மூச்சுக்குழாயில் சிக்கும் என்பதால் நான்கைந்து வயது வரை வேண்டாம். ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில் படவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் கைக்குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும்.

பல்லைப் பற்றி இரண்டு வரி. முதல் பல் 6 மாதத்தையொட்டி வரலாம், ஓராண்டு கழிந்தும் வரலாம். ஆனால் கடுமையான காய்ச்சலையும் வயிற்றுப்போக்கையும் “பல்லு முளைக்குது” என்று சொல்லி விட்டுவைக்காதீர்கள். பல் முளைத்தால் எச்சில் வடியும், ஈறு நமநமக்கும், பிள்ளை சிணுங்கும், அவ்வளவுதான்.

நடைவண்டிக்கும் வாக்கருக்கும் உள்ள வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. மூன்று சக்கரம் வைத்த மர நடைவண்டியில், ஏற்கெனவே எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை தன் எடையைத் தானே தாங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறது. பிளாஸ்டிக் வாக்கரிலோ, எழுந்து நிற்கவே தெரியாத பிள்ளையை இருக்கையில் தொங்கவிடுகிறோம். அது விரல் நுனியால் தரையை உந்தி வேகமாக நகர்கிறது. தன் காலைக்கூடப் பார்க்க முடியாது. சமநிலையும் பழகாது. படியில் உருள்வதும், மேசை மேல் இருக்கும் சூடான பாத்திரத்தை இழுத்துக்கொள்வதும் இதனால் நடக்கும் விபத்துகள். கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. சீர் வரிசையில் வாக்கர் வந்திருந்தால் பரணில் ஏற்றிவிடுங்கள். கொடுத்தவர் கேட்டால் சமாளித்துக்கொள்ளலாம்.

வேலைக்குப் போகும் அம்மாவின் நிலை இன்னும் சிக்கல். 2017இல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரமாக்கியது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் 12 மாதம். சட்டம் நல்லதுதான். ஆனால் 26 வாரம் முடியும் இடத்தைப் பாருங்கள். சரியாக ஆறாம் மாதம். புதிய உணவு தொடங்குவதும், உட்காரத் தொடங்குவதும், அம்மாவைப் பிரிந்தால் அழத் தொடங்குவதும் அதைச் சுற்றித்தான்.

இந்த அழுகையைப் புரிந்துகொள்வது முக்கியம். மூன்று மாதக் குழந்தை யார் தூக்கினாலும் சிரிக்கும். எட்டு மாதக் குழந்தை அத்தை தூக்கினாலே உதட்டைப் பிதுக்கும். அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவருகே கதறும். “அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா” என்று வீட்டில் தீர்ப்பு வரும். உண்மையில் குழந்தை ஒரு படி மேலே ஏறியிருக்கிறது. கண்ணில் படாத ஒன்றும் எங்கோ இருக்கிறது என்பது அதற்கு இப்போது தெரியும். எப்போது திரும்பும் என்பதுதான் தெரியாது. ஒரு வயதுக்கு முன்னும் பின்னுமாக இந்த அழுகை உச்சத்துக்குப் போய், பிறகு மெல்லத் தணியும். குழந்தை பாராதபோது நழுவி ஓடினால் பயம் கூடும். “போயிட்டு வரேன்” என்று சொல்லி, கையசைத்துப் போவதே மேல். முந்தானையால் முகத்தை மூடித் திறந்து விளையாடும் விளையாட்டும் இதையேதான் கற்றுத் தருகிறது: மறைந்த அம்மா திரும்பி வருவாள். முதல் அடியை நீங்கள் அலுவலகத்தில் இருக்கும்போது பாட்டியோ ஆயாவோ பார்த்துவிடக்கூடும். அது வருத்தம்தான். ஆனால் பிள்ளைக்கு அதனால் ஒரு நட்டமும் இல்லை.

நடையைவிடப் பேச்சில்தான் நம் வீடுகள் அதிகம் அசட்டையாக இருக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. 14 மாதத்தில் நடக்காத பிள்ளைக்கு எல்லோரும் பதறுவார்கள். இரண்டு வயதில் பேசாத பிள்ளைக்கோ “ஆம்பளப் பிள்ளைக்கு லேட்டாதான் வரும், அவங்க அப்பாவும் அப்படித்தான்” என்று சமாதானம் சொல்வார்கள். வசம்பு உரசித் தடவுவார்கள். ஆண் குழந்தைகள் சராசரியாகச் சற்றுப் பிந்திப் பேசுவது உண்மைதான்; அது ஓரிரு மாத வித்தியாசம். ஆண்டுக் கணக்கில் காத்திருக்க அது காரணம் ஆகாது. வீட்டில் தமிழும் தெலுங்கும், அல்லது தமிழும் ஆங்கிலமும் பேசுவதாலும் பேச்சு தடைப்படுவதில்லை. இரண்டு மொழியிலும் சொல்லும் சொற்களைக் கூட்டி எண்ண வேண்டும், அவ்வளவே.

காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்களில் ‘ங்கா’ என்று ஒலி எழுப்பும். அதை நம்பி ஏமாந்துவிடுவோம். ‘பபப’, ‘மமம’ என்று அசைகளைக் கோக்கும் காலத்தில்தான் வேறுபாடு தெரியும். எனவே பேச்சு தாமதம் என்றால் முதலில் செய்ய வேண்டியது காதுப் பரிசோதனை. சோறு ஊட்டும்போது கைபேசியைக் கையில் கொடுப்பது பேச்சைத் திருடும் பழக்கம். பிள்ளை வாயைத் திறக்கும், பேசாது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது இதுதான்: இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், அதன் பிறகும் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது. குழம்பு தாளிக்கும்போது “இது கடுகு, இது வெடிக்கும்” என்று சொல்லிக்கொண்டே தாளிப்பது எந்தச் செயலியைவிடவும் மேலானது.

சரி, எப்போதுதான் கவலைப்பட வேண்டும்? 3 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால். 5 மாதத்திலும் கழுத்து நிற்காவிட்டால். 9 மாதம் கடந்தும் தனியாக உட்காராவிட்டால். ஒரு வயதில் அசைகள் கோத்து ஒலி எழுப்பாமல், எதையும் சுட்டிக்காட்டாமல், டாட்டா காட்டாமல் இருந்தால். ஒன்றரை வயது முடிந்தும் நடை இல்லையென்றால், ஒரு சொல்கூட இல்லையென்றால். இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணும்’ என்று இரண்டு சொல்லைச் சேர்க்காவிட்டால், மருத்துவரைப் பாருங்கள். ஒரு வயதுக்குள்ளேயே பிள்ளை ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால் இடதுகைக்காரன் என்று பெருமைப்பட வேண்டாம். மற்றக் கையில் பலக்குறைவு இருக்கலாம். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வந்த திறமை மறைவது. பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினாலோ, பெயர் சொன்னால் திரும்பியது இப்போது திரும்பாவிட்டாலோ, எந்த வயதானாலும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. இரண்டு மாதம் முன்னதாகப் பிறந்திருந்தால், 8 மாதத்தில் அதனிடம் 6 மாதப் பிள்ளையின் வளர்ச்சியைத்தான் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்கு இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படிதான்.

பிள்ளையின் வளர்ச்சியைப் பற்றி விசாரிக்கத் தடுப்பூசி நாள்களே நல்ல வாய்ப்பு. 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை–ருபெல்லா ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணை. ஊசி போட்டதும் அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்துவிடாமல், தாய் சேய் நல அட்டையில் உள்ள வளர்ச்சிப் படங்களை விரித்து வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். அங்கன்வாடியில் எடை பார்க்கும்போதும் கேட்கலாம். குறை இருப்பதாகத் தோன்றினால், 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இயங்கும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களுக்கு அனுப்புவார்கள். இயன்முறை மருத்துவமும் பேச்சுப் பயிற்சியும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும். போகும்போது வீட்டில் பிள்ளை விளையாடும்போது எடுத்த இரண்டு நிமிட வீடியோ ஒன்று கைபேசியில் இருக்கட்டும். மருத்துவர் அறைக்குள் நுழைந்ததும் எந்தப் பிள்ளையும் வீட்டில் செய்வதைச் செய்து காட்டாது.