இருதயப் படம் சொல்லும் ஆயுள் கணக்கு!

மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கால் வீங்குகிறது. சில சமயம் மயக்கம் வருகிறது. கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது! பிறகு ஏன் இந்தத் தொல்லை?

இதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, நுரையீரல் ரத்தக் கொதிப்பு. அதிகம் பேருக்கு வராத நோய். ஆனால் பொல்லாத நோய். கைப்பட்டையில் இது தெரியாது.

இரண்டு பம்புகள்

இருதயத்தில் இரண்டு பம்புகள் இருக்கின்றன. இடது பம்பு உடம்பு முழுவதுக்கும் ரத்தம் அனுப்புகிறது. வலது பம்பு, பக்கத்தில் இருக்கும் நுரையீரலுக்கு மட்டும் அனுப்புகிறது. அதற்கு வேலை லேசு. ஆகவே, அதன் சுவரும் மெல்லியது.

நுரையீரல் குழாயில் ரத்தத்தின் சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லி மீட்டர்தான். அது 20-ஐத் தாண்டினால் நோய் என்று அர்த்தம்.

நுரையீரலில் உள்ள சிறு குழாய்கள் தடித்துக் குறுகிவிட்டால், வலது பம்பு கஷ்டப்பட்டு ரத்தத்தைத் தள்ள வேண்டும். முதலில் அது தன் சுவரைத் தடிக்க வைத்து ஈடு கொடுக்கிறது. நாளாக ஆக ஊதிப் பெருத்து, களைத்துப் போகிறது. பெரும்பாலும் நோயாளியின் உயிரைப் பறிப்பது இந்தக் களைப்புதான்!

1980-களில் அமெரிக்காவில், காரணம் தெரியாமல் இந்த நோய் கண்ட 194 பேரை டாக்டர்கள் கவனித்து வந்தார்கள். பாதிப் பேர் மூன்று ஆண்டு கூட வாழவில்லை. அப்போது இதற்கென்று தனி மருந்து கிடையாது. இன்று பல மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு மருந்து, எப்போது என்பதே கேள்வி. அதற்கு வலது பம்பின் நிலை தெரிய வேண்டும்.

கப்பல் பட்டறைக் கருவி

மார்பைக் கிழிக்காமல் இருதயத்தைப் பார்ப்பது எப்படி? சுவீடன் நாட்டில் எட்லர் என்ற டாக்டரும், ஹெர்ட்ஸ் என்ற விஞ்ஞானியும் இதற்கு வழி தேடினார்கள். மால்மோ நகரத்துக் கப்பல் பட்டறையில், இரும்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஓர் ஒலிக் கருவி இருந்தது. காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, அதன் எதிரொலியை வாங்கும் கருவி அது. அந்த வகைக் கருவியைக் கொண்டு, 1953-ம் ஆண்டு இருதயத்தின் அசைவைப் பதிவு செய்தார்கள். இன்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் "எக்கோ" படம் அதிலிருந்து வளர்ந்ததே.

18 மில்லி மீட்டர்

வலது பம்பின் வாசலில் ஒரு வால்வு உண்டு. அதைச் சுற்றியுள்ள வளையம், இருதயம் துடிக்கும்போதெல்லாம் கீழே இறங்கி மேலே ஏறுகிறது. பம்பு பலமாக இருந்தால் அதிக தூரம் இறங்கும். களைத்திருந்தால் கொஞ்சம்தான் இறங்கும்.

அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் டாக்டர்கள், 47 நோயாளிகளுக்கு எக்கோவில் இந்தத் தூரத்தை அளந்து 2006-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். வளையம் 18 மில்லி மீட்டரோ அதற்கு மேலோ இறங்கியவர்களில், இரண்டு ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருப்பவர்கள் 100-க்கு 88 பேர் என்று கணக்காயிற்று. அதற்குக் குறைவாக இறங்கியவர்களில் 100-க்கு 50 பேர்தான்!

மருந்து மட்டும் போதாது

எம்.ஆர்.ஐ. என்ற காந்தப் படம் இன்னும் தெளிவானது. ஒரு துடிப்பில் வலது பம்பு எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று அது காட்டும். ஆம்ஸ்டர்டாம் நகர டாக்டர்கள் 110 நோயாளிகளை இப்படிச் சோதித்து, 2011-ல் ஓர் உண்மையைச் சொன்னார்கள். மருந்தினால் நுரையீரல் குழாயின் தடை குறைந்த பிறகும், சிலருக்கு வலது பம்பு மேலும் பலவீனம் அடைந்தது. அவர்களின் ஆயுளும் குறைந்தது. ஆகவே மருந்து கொடுத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. மறுபடியும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஜோசியம் அல்ல

இந்தக் கணக்கு ஜோசியம் அல்ல. "இவர் இத்தனை நாள்தான் இருப்பார்" என்று எந்தப் படமும் சொல்லாது. நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார், ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது என்பதையும் டாக்டர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று தெரிந்தால் மருந்தைக் கூட்டுகிறார்கள். தேவைப்பட்டால், மாற்று நுரையீரல் பொருத்த முன்கூட்டியே ஏற்பாடு செய்கிறார்கள்.

காரணம் தெரியாத மூச்சு வாங்கல் நீடித்தால், "வயதாகிவிட்டது", "உடம்பு பருத்துவிட்டது" என்று வீட்டிலேயே முடிவு கட்டிவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். எக்கோ எடுப்பதில் வலி இல்லை, ஊசி இல்லை. களைத்துவரும் இருதயத்தை நேரத்தில் கண்டுகொண்டால், ஆயுள் கணக்கை மாற்றி எழுத வழி உண்டு!